நூற்றிருபதில் போன நிதானம் டீச்சர்

"கொலைன்னா சொல்லு, வர்றேன். கொள்ளைன்னாலும் வர்றேன். டிராஃபிக் நோட்டீஸுக்கெல்லாம் துப்பறியப் போனா, நாளைக்குக் காணாமப் போன குடைக்கும் நம்மளத்தான் கூப்பிடுவாங்க, பாஸ்."

போனில் வந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மாமா இப்படி வசனம் பேசியபடியே படியேறி வந்தபோது மணி பதினொன்று இருபது. அவர் வரவேண்டிய நேரம் பதினொன்று.

துருவி நிமிர்ந்து பார்க்கவில்லை. வருகை நோட்டைத் திறந்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

"குடை கேஸ் போன மாசமே வந்துச்சு மாமா. நீங்க லேட்டா வந்ததால உங்களுக்குத் தெரியல."

முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் மாமா. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் சுவரோடு பேச ஆரம்பித்துவிடுவார் என்று பயந்து, அவருடைய அக்காதான் அவரைத் தன் மகளின் துப்பறியும் ஆபீஸில் உதவியாளராகச் சேர்த்துவிட்டாள். அந்த மகளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஐந்து வயதிலிருந்தே எதையும் துருவித் துருவிக் கேட்டதால் அந்தப் பெயரை ஊரே மறந்துபோய், துருவி என்பதே நிலைத்துவிட்டது. சலவைக் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். கீழே இஸ்திரி போட்டால் மேலே நாற்காலி சுடும்.

அப்படிச் சுட்ட நாற்காலி ஒன்றில், நுனியில், ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் ஸ்டீயரிங் மாதிரி பிடித்திருந்தார்.

"இவங்கதான் நிதானம் டீச்சர். ஒத்தை கார் வச்சு டிரைவிங் ஸ்கூல் நடத்துறாங்க" என்றாள் துருவி.

மாமாவுக்கு ஆளைத் தெரியும். யாருக்குத்தான் தெரியாது? இருபத்திரண்டு வருஷமாக அந்த நீல நிறக் கார் ஊருக்குள் ஊர்ந்துகொண்டிருக்கிறது. கண்டக்டராக இருந்த காலத்தில் அதன் பின்னால் மாட்டிக்கொண்டு மாமா விட்ட விசில்களுக்குக் கணக்கே இல்லை.

"டீச்சருக்கு என்ன நோட்டீஸ்? ரோட்டை அடைச்சதுக்கா?"

"அதிவேகத்துக்கு. அறுபதுல போகவேண்டிய இடத்துல நூத்திருபது" என்றாள் துருவி.

மாமா சிரித்தார். சிரித்து முடித்ததும் நோட்டீஸைப் பார்த்தார். பார்த்ததும் மறுபடி சிரித்தார்.

"சிரிங்கண்ணே, பரவாயில்ல" என்றார் டீச்சர் சோர்வாக. "என் வீட்டுக்காரரும் சிரிச்சார். 'இவ்வளவு வேகம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா என்னை இத்தனை வருஷம் எல்லாக் கல்யாணத்துக்கும் பந்தி முடிஞ்ச பிறகு கூட்டிட்டுப் போனே?'ன்னு கேட்டார். ஆனா இன்னிக்கு மூணு மணிக்கு விசாரணை. அனுமதிச்ச வேகத்துக்கு ரெண்டு மடங்கு போனா அது வெறும் அபராதத்தோட முடியாதாம். லைசென்ஸ் ஒரு வருஷத்துக்குப் போயிடும். கத்துக்கொடுக்கற பர்மிட் நிரந்தரமா ரத்து. அது போச்சுன்னா எனக்கு வேற வேலை தெரியாதும்மா. வேற எதுவும் தெரியாது."

கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது. மாமாவின் சிரிப்பும் இறங்கியது.

"எங்க, என்னிக்கு?" என்று கேட்டார்.

"பெரிய மேம்பாலம். மூணு வாரத்துக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை. காலைல பத்தரை வாக்குல" என்றார் டீச்சர்.

அடுத்த ஜோக் மாமாவின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

காரணம் இருந்தது. அதே செவ்வாய்க்கிழமை, அதே பாலத்தில், கிட்டத்தட்ட அதே நேரத்தில் மாமா தன் பைக்கில் பறந்திருந்தார். முதல் நாள்தான் துருவி, "நாளைக்கும் லேட்டா வந்தீங்கன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டியிருந்தாள். உலகத்தில் மாமா பயப்படும் ஒரே ஜீவன் அவருடைய அக்கா. அன்று முள் தொண்ணூறைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்தார். அதிலிருந்து மூன்று வாரமாகத் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நோட்டீஸ் வரவில்லை. அன்றைக்குக் கேமரா தூங்கிவிட்டது போலிருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

கேமரா தூங்கவில்லை. பறந்த தன்னை விட்டுவிட்டு, ஊர்ந்த டீச்சரைப் பிடித்திருக்கிறது. மாமாவுக்கு நிம்மதியும் வெட்கமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.

*

பாலத்தின் நீளம் சரியாக ஐந்து கிலோமீட்டர். ஏறும் இடத்தில் ஒரு கேமரா, இறங்கும் இடத்தில் ஒரு கேமரா. வண்டி இரண்டையும் கடக்க எடுத்த நேரத்தை வைத்து மெஷின் வேகத்தைக் கணக்குப் போடும். நோட்டீஸில் இரண்டு படமும் இருந்தன. ஏறியது பத்து முப்பத்திரண்டுக்கு. இறங்கியது அதற்கு இரண்டரை நிமிடம் கழித்து.

"ரெண்டரை நிமிஷத்துல அஞ்சு கிலோமீட்டர். கணக்கு சரியாத்தான் இருக்கு. படத்துல இருக்கறதும் உங்க கார்தான்" என்றாள் துருவி.

"என் கார்தான். ஆனா நான் நாப்பதைத் தாண்டலம்மா."

"அறுபது போகலாமே, ஏன் நாப்பது?"

"முன்னாடி ஒரு வண்டி மெதுவாப் போச்சு. தாண்ட மனசு வரல."

துருவி மேஜை விளக்கை இழுத்துப் படங்களின் மேல் பிடித்தாள். இரண்டு படத்திலும் டீச்சர் காருக்கு முன்னால், ஓரமாக, ஒரு வெள்ளை வண்டியின் பின்புறம் துண்டாகத் தெரிந்தது. அதன் கதவில் வட்டமாக ஏதோ தொங்கியது.

"மாமா, இது என்னன்னு தெரியுதா?"

மாமா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "டயரா? இல்ல, டயர்ல பூ பூக்காது. அட, மலர் வளையம்! அமரர் ஊர்தி, பாஸ்."

"ரெண்டு படத்திலயும் ஒரே வளையம். ஒரு பூ கூட உதிரல."

"நூத்திருபதுல போயிருந்தா அந்த வளையம் கழண்டு வந்து டீச்சர் காருக்கு மாலையா விழுந்திருக்கும்."

"அது மட்டுமில்ல. ரெண்டு வண்டியும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஏறி, அப்படியே இறங்கியிருக்கு. டீச்சர் நூத்திருபதுன்னா அமரர் ஊர்தியும் நூத்திருபது." துருவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வாங்க, அந்த ரேஸ் வீரரைப் பார்த்துட்டு வந்துடலாம்."

*

நகராட்சி வண்டிக் கொட்டகையில் அமரர் ஊர்தி பளபளவென்று துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. அதன் டிரைவர் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட்டில், கண்ணாடியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். பேச்சும் தேய்த்துத் தேய்த்துத்தான் வந்தது.

"நூத்திருபதா?" என்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். "இந்த வண்டியாலயே நூத்திருபது முடியாதும்மா. முடிஞ்சாலும் எதுக்கு? பின்னாடி படுத்திருக்கறவங்க யாரும் இதுவரைக்கும் 'சீக்கிரம் போப்பா'ன்னு சொன்னதே இல்ல."

"புகார் இல்லாத பயணிகள். குடுத்து வச்சவருங்க நீங்க" என்றார் மாமா உண்மையான பொறாமையோடு.

"அன்னிக்கு உங்களுக்குப் பின்னாடி ஒரு நீலக் கார் வந்ததா?" என்று துருவி கேட்டாள்.

"வந்தது. நல்லா ஞாபகம் இருக்கு. பாலம் முழுக்க ஒரு தடவை கூட ஹாரன் அடிக்கல. அந்த மாதிரி ஆளை இப்பல்லாம் பார்க்க முடியாது."

"உங்களுக்கு அதிவேக நோட்டீஸ் வந்துச்சா?"

"எனக்கா? வந்திருந்தா ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பேனே."

இங்கேதான் கேஸ் சறுக்கியது. கோர்ட்டுக்கு வரச் சொன்னால், மூன்று மணிக்கு ஒரு பயணி காத்திருக்கிறார், அவரைக் காக்க வைக்க முடியாது என்று கை கூப்பினார். வெளியே வந்ததும் மாமா வாட்ச்சைப் பார்த்தார். ஒன்று பத்து.

"போச்சு பாஸ். அவருக்கு நோட்டீஸே வரலன்னா, அவர் நூத்திருபதுல போகலன்னுதானே அர்த்தம்? அப்ப டீச்சர் மட்டும் போனாங்கன்னு ஆகுது."

"ரெண்டு வண்டியும் ஒட்டிக்கிட்டே போயிருக்கு மாமா. ஒருத்தருக்கு வந்த நோட்டீஸ் இன்னொருத்தருக்கும் வந்தே ஆகணும். அது கிளம்பியிருக்கு, ஆனா போய்ச் சேரல. நடுவுல எங்க உட்கார்ந்திருக்கு, அதான் கேள்வி."

*

நோட்டீஸ் அச்சாகும் ஆபீஸ், கோர்ட்டுக்கு அடுத்த கட்டடத்தில் இருந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் குமாஸ்தா அம்மா ஒருவர். அவருக்குப் பின்னால் தபால் தட்டுகள். கவுன்ட்டரில் பெரிய எழுத்தில், 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது'.

துருவி கேள்வியை ஆரம்பிக்கும் முன்பே குமாஸ்தா அம்மா மாமாவை உற்றுப் பார்த்தார்.

"நீங்க இருபத்திமூணாம் நம்பர் பஸ் கண்டக்டர்தானே? 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு பன்னெண்டு வருஷம் என் காதுல கத்தினீங்க."

"இன்னிக்கு நான் உள்ள வரணும்மா" என்றார் மாமா பணிவாக.

அந்த அம்மா சிரித்துவிட்டார். ரகசியம் எதுவும் இல்லை, கேட்க ஆள்தான் இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது.

"பொதுமக்கள் வண்டின்னா தபால்ல போயிடும். அரசாங்க வண்டின்னா அனுப்பறதில்ல. அரசாங்கம் அரசாங்கத்துக்கு லெட்டர் போட்டா, பதில் வர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். அதனால அந்த மூணாவது தட்டுல போட்டுடுவோம். இருபது வருஷமா அப்படித்தான்."

"அந்தத் தட்டை யார் பார்ப்பாங்க?" என்று துருவி கேட்டாள்.

"வருஷத்துக்கு ஒரு தடவை கிழிச்சுப் போடறவர் பார்ப்பார்."

மூன்றாவது தட்டை இறக்கினார்கள். தூசி இறங்கியது, இருமல் கிளம்பியது. அந்தச் செவ்வாய்க்கிழமைத் தாள்கள் மேலிருந்து கொஞ்சம் கீழே இருந்தன. மாமா கண்டக்டர் விரலால் எச்சில் தொட்டுப் புரட்டினார். முதலில் வந்தது அமரர் ஊர்தி. நூற்றிருபது.

"ஃப்ரேம் போட்டுடலாம்" என்றார் மாமா. அடுத்த தாளைப் பார்த்தார். அவர் புருவம் நெற்றியை விட்டுப் போய்விடும் போல உயர்ந்தது. "பாஸ்! தெருவிளக்கு மாத்தற ஏணி வண்டி, நூத்தி மூணு! தண்ணி லாரி, தொண்ணூறு! தண்ணி சிந்தாம எப்படிய்யா போனான்?"

"வேற நாள்ல இவங்க பேர் இருக்கா?"

இல்லை. இந்தத் தட்டில் மற்ற நாள்களில் எல்லாம் போலீஸ் ஜீப்பும் அதிகாரிகள் காரும்தான். அந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அதுவும் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் மட்டும், ஊரிலேயே மெதுவாகப் போகும் வண்டிகள் எல்லாம் பேயாய்ப் பறந்திருந்தன.

"அந்த ரெண்டு மணி நேரத்துல, பொதுமக்கள்ல எத்தனை பேருக்கு நோட்டீஸ் போச்சு?"

குமாஸ்தா அம்மா பேரேட்டைப் பார்த்தார். "நாலே பேர். உங்க டீச்சர், ஒரு ஃபர்னிச்சர் லாரி, ஒரு ஐஸ் வண்டி, ஒரு புது மாப்பிள்ளை."

"மாப்பிள்ளையா?"

"பக்கத்துல பொண்டாட்டியை உட்கார வச்சுப் பேசிக்கிட்டே போயிருப்பார் போலிருக்கு."

வெளியே கிளம்பிய துருவி வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் நாக்கு மேலுதட்டைத் தொட்டது. யோசிக்கும்போது சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

"மெதுவாப் போனவங்க எல்லாம் மாட்டியிருக்காங்க. வேகமாப் போனவங்க ஒருத்தர் கூட மாட்டல. ஏன்? மாமா, அன்னிக்கு அந்த நேரத்துல பாலத்துல வேகமாப் போயி, நோட்டீஸ் வராம தப்பிச்ச ஒரே ஒரு ஆள் கிடைச்சா கூடப் போதும்."

மாமா ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். அவர் போட்டிருந்தது செருப்பு.

*

கோர்ட் வராந்தாவில் டீச்சர் காத்திருந்தார். மாமா சுவர் ஓரமாக நின்று, வழக்கத்துக்கு மாறாக, யாரையும் கிண்டல் செய்யாமல் இருந்தார். சொல்லிவிடலாமா என்று ஒரு மனம். சொன்னால் அக்கா காதுக்குப் போகும் என்று இன்னொரு மனம். சொல்லி என்ன ஆகப் போகிறது, தான் தப்பியது அதிர்ஷ்டம், அவ்வளவுதானே என்று மூன்றாவது மனம். மூன்று மனமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, கையில் லேப்டாப்போடு ஒருவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். பாலத்துக் கேமராக்களைப் பராமரிக்கும் டெக்னீஷியன். அரசுத் தரப்பு சாட்சி.

"ஆரம்பிச்சுட்டாங்களா? மூணு ஆயிடுச்சே!"

மாமா சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு சார். மூச்சு விட்டுக்கங்க."

டெக்னீஷியன் தன் வாட்ச்சைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "நான் எப்பவும் அஞ்சு நிமிஷம் கூட வச்சிருப்பேன். இல்லன்னா எங்கயும் நேரத்துக்குப் போகமாட்டேன்."

"நல்ல பழக்கம். நான் கூட சர்வீஸ்ல இருந்தப்ப அப்படித்தான்" என்றார் மாமா.

பக்கத்தில் துருவியின் நாக்கு மேலுதட்டிலிருந்து உள்ளே போனது. அவள் மாமாவை ஒரு முறை பார்த்தாள். டெக்னீஷியனின் மணிக்கட்டை ஒரு முறை பார்த்தாள்.

"அஞ்சு கிலோமீட்டர், அஞ்சு நிமிஷம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மாமா என்னவென்று கேட்பதற்குள் உள்ளே அழைத்துவிட்டார்கள்.

*

அந்தக் கோர்ட்டில் வக்கீல் கட்டாயமில்லை. நோட்டீஸ் வாங்கியவர் தனக்காகப் பேச ஒருவரைக் கூட்டி வரலாம். டீச்சருக்காகத் துருவி எழுந்து நின்றாள். மேஜைக்கு மேலே மாஜிஸ்ட்ரேட் அம்மா, காலையிலிருந்து பொய்களைக் கேட்டு அலுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பக்கம் போக்குவரத்து அதிகாரி.

துருவி மூன்றாவது தட்டின் கதையைச் சொன்னாள். அங்கிருந்து கேட்டு வாங்கி வந்த அமரர் ஊர்தியின் நோட்டீஸை நீட்டினாள்.

அதிகாரி அசரவில்லை. "அப்ப ரெண்டு பேரும் போட்டி போட்டிருக்காங்க, மேடம். குற்றவாளி ஒண்ணுக்கு ரெண்டாச்சு. கேமராவைச் சோதிச்ச சான்றிதழ் இருக்கு. ரெண்டு கடிகாரமும் நொடி கூடப் பிசகல."

டீச்சரின் கை கைப்பையை இறுக்கிப் பிடித்தது. துருவி டெக்னீஷியன் பக்கம் திரும்பினாள்.

"சோதிச்சது என்னிக்கு சார்?"

"புதன்கிழமை."

"செவ்வாய்க்கிழமை காலைல என்ன வேலை பார்த்தீங்க?"

"முதல் கேமராவுக்கு பேட்டரி மாத்தினேன். மாத்தினா கடிகாரம் நின்னுடும். பத்து மணிக்குக் கையால நேரம் வச்சேன். பன்னெண்டு மணிக்கு கன்ட்ரோல் ரூம்ல இருந்து தானா சரி பண்ணிடும்."

"கையால வச்சீங்களே, எதைப் பார்த்து வச்சீங்க?"

"இதைப் பார்த்துத்தான்." டெக்னீஷியன் பெருமையாக மணிக்கட்டைத் தூக்கினார்.

"இப்ப அதுல மணி என்ன?"

"மூணு இருபத்தஞ்சு."

கோர்ட்டே சுவரைப் பார்த்தது. மூன்று இருபது. டெக்னீஷியன் முகத்தில் இருந்த பெருமை மெல்ல வடிந்தது.

துருவி நிதானமாகச் சொன்னாள்: "ஏறுற இடத்துக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட், மேடம். இறங்குற இடத்துல சரியான நேரம். அதனால அன்னிக்குப் பாலத்துல போன எல்லாருக்கும் பயண நேரத்துல அஞ்சு நிமிஷம் குறைஞ்சு போச்சு. டீச்சர் எடுத்துக்கிட்டது ஏழரை நிமிஷம். அதாவது மணிக்கு நாப்பது. மெஷின் கணக்குல ரெண்டரை நிமிஷம்."

"அப்படின்னா எல்லாருக்கும் நோட்டீஸ் போயிருக்கணுமே?" என்று அதிகாரி குறுக்கிட்டார்.

"அங்கதான் விஷயமே. ஒழுங்கா அறுபதுல போனவருக்குப் பாலத்தைத் தாண்ட அஞ்சு நிமிஷம். அதுல அஞ்சு போனா பூஜ்யம். அதுக்கு மேல வேகமாப் போனவர், ஏறுறதுக்கு முன்னாடியே இறங்கியிருப்பார். மெஷினுக்கு அது புரியாது, பிழைன்னு ஒதுக்கிடும். மெஷின் நம்பற மாதிரி மாட்டினது, மெதுவாப் போனவங்க மட்டும்தான்."

மாமாவுக்கு உச்சந்தலையில் யாரோ தண்ணீர் ஊற்றியது போலிருந்தது. அதிர்ஷ்டமும் இல்லை, தூக்கமும் இல்லை. அவர் ஏறுவதற்கு முன்பே இறங்கியிருந்தார்.

மாஜிஸ்ட்ரேட் அம்மாவின் முகத்தில் அலுப்பு போயிருந்தது. ஆனாலும் தலையை ஆட்டினார். "கேட்க நல்லா இருக்கும்மா. ஆனா வாட்ச்சை அவர் நேத்துக் கூட மாத்தி வச்சிருக்கலாம். அந்தப் பிழைப் பட்டியல் எங்க?"

"லேப்டாப்ல இருக்கு மேடம்" என்றார் டெக்னீஷியன். "வண்டி நம்பர் மட்டும்தான் தெரியும். பதிவைத் திறக்கணும்னா வண்டிச் சொந்தக்காரர் சம்மதிக்கணும். விதி அப்படி."

"சரி. சொந்தக்காரர் யாரையாவது கூட்டிட்டு வாங்க. இன்னிக்கே முடிக்கணும், ஒத்திவைக்க மாட்டேன். நாலு மணிக்குள்ள ஆள் வரலன்னா நோட்டீஸ் செல்லும்."

கைப்பையைப் பிடித்திருந்த டீச்சரின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின. மாமா அந்த விரல்களையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் ஒருத்தரையும் இடிக்காத கை.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"மேடம், நான் இருக்கேன்" என்றார் மாமா.

மாஜிஸ்ட்ரேட் அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நீங்க யாரு?"

"அன்னிக்கு அந்தப் பாலத்துல பைக்ல போனவன். வேகமாத்தான் போனேன். எனக்கு நோட்டீஸ் வரல. என் பதிவைத் திறந்துக்கங்க. சம்மதம்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா? திறந்தா உங்க மேலயே திரும்பும்."

"தெரியும் மேடம். எங்க அக்காகிட்ட மட்டும் சொல்லாம இருந்தா போதும்."

லேப்டாப் திறந்தது. டெக்னீஷியன் படித்தார். படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "ஏறினது, பத்து நாப்பத்தாறு, பத்து நொடி. இறங்கினது, பத்து நாப்பத்துநாலு, இருபத்தாறு நொடி."

மாஜிஸ்ட்ரேட் அம்மா வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"கிளம்பறதுக்கு ஒண்ணே முக்கால் நிமிஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கார். இதை யாரும் ஜோடிக்க முடியாது."

டீச்சர் மேலிருந்த குற்றச்சாட்டு தள்ளுபடி. அந்த இரண்டு மணி நேரத்தில் போன மற்ற மூன்று நோட்டீஸும் ரத்து. மூன்றாவது தட்டை இனிமேல் வாரம் ஒரு முறை ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்றும் உத்தரவு. டீச்சர் எழுந்திருக்க முயன்று, முடியாமல் உட்கார்ந்து, கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். மாமா மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"நில்லுங்க" என்றார் மாஜிஸ்ட்ரேட் அம்மா. "அஞ்சு நிமிஷத்தைத் திருப்பிக் கூட்டினா இவர் வேகம் என்ன?"

டெக்னீஷியன் கால்குலேட்டரைத் தேடுவதற்குள் துருவி சொல்லிவிட்டாள். "மூணு நிமிஷம் பதினாறு நொடி. மணிக்குத் தொண்ணூத்திரண்டு, மேடம்."

மாமா அவளைப் பார்த்த பார்வையில் ரத்த பாசம் துளியும் இல்லை.

"ரெண்டு மடங்கு இல்ல, அதனால லைசென்ஸ் தப்பிச்சது. தானா வந்து ஒத்துக்கிட்டதால அபராதமும் வேண்டாம். ஆனா ஆறு நாள் திருத்தப் பயிற்சி. ஏதாவது ஒரு டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்து, கையெழுத்து வாங்கிட்டு வரணும்."

*

கோர்ட் வாசலில் மாமா பெருமூச்சு விட்டார். "முப்பது வருஷம் அடுத்தவங்களுக்கு டிக்கெட் கிழிச்சேன். இன்னிக்கு எனக்கு நானே கிழிச்சுக்கிட்டேன்."

"எதிர்த்து அப்பீல் பண்ணலாம் மாமா. நான் வாதாடறேன்."

"வேணாம் தாயே. நீ வாதாடினா எனக்கு எதிராத்தான் முடியும். தொண்ணூத்திரண்டை என்ன வேகமாச் சொன்னே! அது சரி, நான் எழுந்ததும் நீ ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியலயே?"

துருவி பையிலிருந்து வருகை நோட்டை எடுத்து நீட்டினாள். ஆறு மாதப் பக்கங்களில் மாமாவின் நேரம் பதினொன்று இருபது, பதினொன்று முப்பது என்று ஓடியது. நடுவில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து ஐம்பத்தொன்பது. அதைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம்.

"வட்டம் அன்னிக்கே போட்டேன். எப்படி வந்தார்னு அப்பவே யோசிச்சேன். ஏணி வண்டி நோட்டீஸைப் பார்த்ததும், நீங்க பறந்து வந்து தப்பிச்சது புரிஞ்சுடுச்சு."

"அப்ப கேட்டிருக்கலாமே!"

"நான் கேட்டு நீங்க சொல்றது வேற. நீங்களா எழுந்து சொன்னீங்க பாருங்க, எனக்கு அப்படியே பெருமையா இருந்துச்சு மாமா. அம்மாகிட்ட சொல்லமாட்டேன்."

மாமா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக் கண்ணில் தூசி என்றார். அதற்குள் நீலக் கார் ஊர்ந்து வந்து அவர் காலடியில் நின்றது. டீச்சர் இறங்கி, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கண் இன்னும் சிவந்திருந்தது. ஆனால் குரலில் இருபத்திரண்டு வருஷ அதிகாரம் திரும்பியிருந்தது.

"ஏறுங்கண்ணே. முதல் நாள் பாடம் இன்னிக்கே. முதல்ல பெல்ட்டு. அப்புறம் கண்ணாடி. வாட்ச்சைக் கழட்டிப் பையில வைங்க, அது இனிமே உங்களுக்கு வேணாம்."

துருவி பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். பாலத்தில் ஏறியதும் முன்னால் வெள்ளையாக ஒரு வண்டி தெரிந்தது. கதவில் புது மலர் வளையம். மணிக்கு நாற்பதில், அவசரமே இல்லாமல், போய்க்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் மாமாவின் கட்டைவிரல் ஹாரன் மேல் போனது.

டீச்சர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

மாமா விரலை எடுத்துக்கொண்டார். பாலம் முடியும்வரை ஏழரை நிமிடம் ஆனது. அந்த ஏழரை நிமிடமும் அவர் ஒரு ஜோக் கூடச் சொல்லவில்லை.